இணைய முகவரியும் ஊராட்சியின் பொறுப்பும்

பாரத்நெட் திட்டத்தின் வாயிலாக இணையம் ஊராட்சி மன்ற அலுவலகங்களை எட்டி வருகிறது. அங்ஙனம் இணையத்திற் சேரும் ஒவ்வோர் இணைப்பும் 'ஐ.பி. முகவரி' என்னும் எண்ணால் அறியப்படுகிறது. பழைய முறையில் ஏறத்தாழ 430 கோடி எண்களே அமையும். அவை போதாமையால் ஒரே எண்ணைப் பலர் பகிர்ந்துகொள்வதும் உண்டு.

சென்னை கே.கே. நகரின் அஞ்சல் குறியீட்டெண் 600078. அதனைக் கண்டவர் வட்டாரத்தை அறிவாரேயன்றி வீட்டை அறியார். ஐ.பி. முகவரியும் அத்தகையதே. நாம் பார்க்கும் இணையதளத்திற்கு அது நம் சேவை நிறுவனத்தையும், ஏறக்குறைய இடத்தையும் மட்டுமே காட்டும்.

ஆயினும், எந்த நேரத்தில் அம்முகவரி யாருடைய இணைப்பிற்கு வழங்கப்பட்டது என்பதைச் சேவை நிறுவனம் குறித்து வைக்கிறது. காவல் துறையினர் சட்டப்படி அதனைக் கேட்டுப் பெறுவர். அலுவலக வைஃபை வழியே அயலார் ஒருவர் குற்றம் புரிந்தால், விசாரணை முதலில் அலுவலக வாயிலுக்கே வரும். ஆகவே, ஊராட்சி உறுப்பினர்கள் வைஃபை கடவுச்சொல்லை யாவர்க்கும் வழங்காது, அவ்வப்போது மாற்றுதல் வேண்டும்.

முகவரியை மறைத்தாலும் வாயைக் காவாவிடில் பயனில்லை. மானியம் வந்துள்ளதெனத் தொலைபேசியில் கூறுவோரிடம் விவசாயிகள் ஓ.டி.பி. எண்ணைச் சொல்லலாகாது. பணம் பறிபோயின், காலந்தாழ்த்தாது 1930 என்னும் எண்ணுக்குத் தெரிவித்தல் நலம்.