பொன்னிற நச்சுத் தவளை

பொன்னிற நச்சுத் தவளை என்பது தென் அமெரிக்காவில், கொலம்பியா நாட்டின் பசிபிக் கரையோர மழைக்காடுகளில் மட்டும் வாழும் தவளை இனமாகும். இதன் அறிவியல் பெயர் பில்லோபேட்டஸ் டெரிபிலிஸ். காவுக்கா மாநிலத்தின் சைகா ஆற்றுப் பகுதியில் கிடைத்த தவளைகளைக் கொண்டு சார்லஸ் மையர்ஸ், ஜான் டேலி, போரிஸ் மால்கின் ஆகியோர் 1978 ஆம் ஆண்டில் இதனைத் தனி இனமாக விவரித்தனர். வளர்ந்த தவளையின் நீளம் ஏறத்தாழ 5 செ.மீ. மட்டுமே. மஞ்சள் நிறமே பெரிதும் அறியப்பட்டது எனினும் செம்மஞ்சள், வெளிர்பச்சை நிறத்தனவும் உண்டு. பகலில் நடமாடும் இவை, தரையிலுள்ள இலைச்சருகில் முட்டையிடும். பொரிந்த தலைப்பிரட்டைகளை ஆண் தவளை முதுகில் சுமந்து நீர்நிலைக்குக் கொண்டு செல்லும்.

நஞ்சு

ஒரு தவளையின் தோலில் ஏறத்தாழ 1 மில்லிகிராம் பட்ராக்கோடாக்சின் என்னும் நஞ்சு உள்ளது. இது பத்துப் பேரைக் கொல்லப் போதுமானது என மதிப்பிடப்படுகிறது. நரம்பு, தசை உயிரணுக்களில் சோடியம் அயனிகள் நுழையும் வாயில்கள் கணநேரம் திறந்து மூடுவதாலேயே குறிப்பலைகள் கடத்தப்படுகின்றன. இந்நஞ்சு அவ்வாயில்களை மூடவிடாமல் செய்கிறது. தசைகள் செயலிழந்து இதயம் நின்றுவிடும். எம்பெரா பழங்குடியினர் உயிருள்ள தவளையின் முதுகில் ஊதுகுழல் அம்பின் நுனியைத் தேய்த்து வேட்டைக்குப் பயன்படுத்தினர்.

வியப்பு யாதெனில், இத்தவளை தன் நஞ்சைத் தானே உருவாக்குவதாகத் தெரியவில்லை. காட்டில் பிடிக்கப்பட்டவை சிறைப்பட்ட பின்னரும் பல ஆண்டுகள் நஞ்சுடன் இருந்தன. ஆனால் கண்ணாடித் தொட்டியில் பிறந்து, பழ ஈக்களை உண்டு வளர்ந்த அவற்றின் குஞ்சுகளிடம் நஞ்சு இல்லை. எனவே நஞ்சு காட்டிலுள்ள சிற்றுயிர்களை உண்பதால் வருகிறது என்பது பொதுவான கருத்து. உலகின் மறுகோடியிலுள்ள நியூ கினியில் பிட்டோகுயி என்னும் பறவையிடம் இதே நஞ்சு 1992 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்டது. அங்குள்ள சிறு வண்டுகளிலும் அது இருப்பது 2004 ஆம் ஆண்டில் தெரியவந்தமை இக்கருத்துக்கு வலுச் சேர்த்தது.

தன் நஞ்சே தவளையை ஏன் கொல்வதில்லை? அதன் சோடியம் வாயில்கள் மாறுபட்டவை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 2021 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு, அவ்வாயில்களும் நஞ்சுக்கு இலக்காகக் கூடியவையே எனக் காட்டியது. நஞ்சைப் பஞ்சுபோல் உறிஞ்சிக்கொள்ளும் புரதம் இருக்கலாம் என்பது அவ்வாய்வாளர்களின் கருதுகோள்.

பாதுகாப்பு

இத்தவளை பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கத்தின் செம்பட்டியலில் அருகிவரும் இனமாக இடம்பெற்றுள்ளது. காடழிப்பும் சட்டவிரோதத் தங்கச் சுரங்கங்களும் கோக்கா பயிரிடுதலும் இதன் மிகச் சிறிய வாழிடத்தை மேலும் சுருக்குகின்றன. வளர்ப்பு விலங்கு வணிகத்துக்கும் இது பிடிக்கப்பட்டது. பன்னாட்டு வணிகத்தைச் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பு கட்டுப்படுத்துகிறது. சிறையில் இவை எளிதில் இனப்பெருக்கம் செய்வதால், காட்டில் அழிந்தாலும் காப்பாற்றிவிடலாம் என்று தோன்றக்கூடும். ஆனால் அவ்வாறு எஞ்சுவது நஞ்சற்ற தவளையே. புரோஆவெஸ் என்னும் கொலம்பிய அமைப்பு, டிம்பிக்கி பகுதியில் இத்தவளைக்கெனக் காட்டு நிலத்தையே காப்பகமாக்கியுள்ளது.