கறவை மாட்டுக்கு உருளைக்கிழங்கு

படூரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் கட்டடங்கள் பெருகப் பெருக, மாடு மேய நிலம் சுருங்கிவிட்டது. கறவை மாடு வைத்திருக்கும் அங்கத்தினர்கள் வைக்கோலையும் பிண்ணாக்கையும் விலை கொடுத்தே வாங்கவேண்டியவர்களாயினர். இந்நிலையில், கோயம்பேட்டு அங்காடியில் கழித்துவிட்ட உருளைக்கிழங்கு மலிவாகக் கிடைத்தால் அதை மாட்டுக்கு இடலாமா என்ற வினா எழுவது இயல்பே. இடலாம், ஆனால் கணக்கறிந்து இடவேண்டும்.

இக்கிழங்கில் நூற்றுக்கு 75 முதல் 80 பங்கு தண்ணீரே. எஞ்சியதில் பெரும்பகுதி மாவுச்சத்து. பாவுக்குக் கஞ்சி போடும் நெசவாளருக்கு மாவுச்சத்தின் இயல்பை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. புரதச்சத்தோ நூற்றுக்கு 2 பங்குதான். ஏறத்தாழ நாலரைக் கிலோ கிழங்கு ஒரு கிலோ மக்காச்சோளத்துக்கு ஈடாகும். மக்காச்சோளம் கிலோ 25 ரூபாய் விற்குமானால், கிழங்கு தொழுவத்துக்கு வந்து சேரும்போது 5 ரூபாய்க்கு மேற்படலாகாது. மலிவென்று மயங்கித் தண்ணீருக்கு வண்டிச்சத்தம் கொடுப்பதில் என்ன லாபம்? மேலும், கிழங்கு தானியத்தின் இடத்தையே நிரப்பும். கடலைப் பிண்ணாக்கின் இடத்தை நிரப்பாது. பிண்ணாக்கைக் குறைத்தால் பாலும் குறையும்.

நீலகிரியில் இக்கிழங்கு 1820-களில், ஜான் சல்லிவன் காலத்தில் பயிராகத் தொடங்கியது. 1935-இல் தோன்றிய நீலகிரி கூட்டுறவு விற்பனைச் சங்கம் மேட்டுப்பாளையத்தில் அதனை ஏலத்தில் விற்றுக் கொடுத்து வருவதை நம்மவர் பலர் அறிவர். எந்தச் சந்தையாயினும் தரம் பிரிக்கையில் பொடிக் கிழங்கும் வெட்டுப்பட்ட கிழங்கும் ஒதுங்கும். அவை தீவனத்துக்கு உகந்தவை. ஆனால் பச்சை நிறம் ஏறியவை, முளைவிட்டவை, அழுகியவை ஆகியன அவற்றோடு கலந்தே வரும். வெளிச்சம் பட்டுப் பச்சையான தோலிலும் முளையிலும் சோலனைன் என்னும் விஷப்பொருள் மிகுந்திருக்கும். வேகவைத்தாலும் அது அழிவதில்லை. இவற்றைப் பொறுக்கி எறிந்துவிடவேண்டும். செடியின் தழையையும் இடலாகாது.

பொடிக் கிழங்கில் வேறோர் ஆபத்து உண்டு. மாடு அதை மெல்லாமல் விழுங்கும். கிழங்கு தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாயில் எச்சில் வழியும், கழுத்து நீளும், காற்று வெளியேற வழியின்றி இடப்பக்க வயிறு உப்பும். அப்போது கோலை விட்டுக் குத்தித் தள்ளுவது கொடுமை, தொண்டை கிழிந்துவிடும். தாமதமின்றி 1962 என்ற எண்ணில் கால்நடை மருத்துவ உதவியை அழைக்கவேண்டும். இத்தொல்லை நேராதிருக்க, கிழங்கு எவ்வளவு சிறிதாயினும் மண் போகக் கழுவி, மெல்லிய வில்லைகளாக நறுக்கியே இடுக.

முதல் நாள் ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். இரண்டு வாரங்களில் சிறிது சிறிதாக உயர்த்திப் பெரிய கறவைப் பசுவுக்கு நாளொன்றுக்குப் பத்துக் கிலோ வரை, இரண்டு மூன்று வேளையாகப் பிரித்து இடலாம். வைக்கோல் தின்ற பிறகே கிழங்கு. ஒரே நாளில் கூடை நிறையக் கொட்டினால் மாவுச்சத்து வயிற்றில் விரைவிற் புளித்து, மாடு தீனி மறுத்துக் கழிச்சல் காணும். உயிருக்கே மோசம் வருவதும் உண்டு. இளங்கன்றுக்கு இது வேண்டவே வேண்டாம். பன்றிக்கும் கோழிக்கும் வேகவைத்தே தரவேண்டும். அயர்லாந்தில் பன்றி வளர்த்த குடியானவர்கள் முன்னாளிற் செய்ததும் இதுவே. வேகவைத்த நீரைக் கழுநீர்த் தொட்டியிற் சேர்க்காமல் கொட்டிவிடுக.

ஐப்பசி, கார்த்திகை மழையில் குவித்த கிழங்கு சில நாட்களிலேயே அழுகும். அக்காலத்தில் ஒரு வாரத் தேவைக்கு மேல் வாங்காமலிருப்பது நலம். கோடையிலாயின் நறுக்கிய வில்லைகளை வெயிலில் நன்கு உலர்த்திச் சாக்கில் கட்டி வைக்கலாம்.