முதல் ஸ்கேனைத் தொலைத்துவிடாதீர்கள்

மஹரகமவுக்கும் தெல்லிப்பழைக்கும் அலையும் புற்றுநோயாளிகள் நம் சோனகத் தெருவிலும் இருக்கிறார்கள். மருந்து ஏற்றத் தொடங்கியதும் குடும்பம் கேட்பது ஒன்றுதான்: "மருந்து கேட்குமா?" கட்டி சுருங்குகிறதா என்று தெரியப் பல வாரங்கள் ஆகும். பலன் தராத மருந்தென்றால் அதற்குள் உடலும் கைக்காசும் கரைந்துவிடும்.

மும்பையில் படித்த ஆனந்த் மதபூஷியின் அமெரிக்க ஆய்வுக்குழு, நுரையீரல் புற்றுநோயில் இதற்கு விடை தேடியது. 2019இல் வெளியான அவர்களது ஆய்வில், சிகிச்சைக்கு முந்திய சீ.ரீ. ஸ்கேனையும், நோயெதிர்ப்பு மருந்து இரண்டு மூன்று தவணை ஏற்றியபின் எடுத்த ஸ்கேனையும் செயற்கை நுண்ணறிவு ஒப்பிட்டது. கட்டிக்குள்ளும் அதைச் சுற்றியும் கண்ணுக்குப் புலப்படாத மாற்றங்களை அளந்து, யாருக்கு மருந்து பலன் தரும் என்று கணித்தது.

கணிப்பு தவறலாம், முடிவெடுப்பவர் வைத்தியரே. ஆனால் கணினியோ வைத்தியரோ, ஒப்பிட முதல் படம் வேண்டும். அறிக்கையோடு இறுவட்டையும் பத்திரப்படுத்தி, ஒவ்வொரு கிளினிக்குக்கும் கொண்டு போங்கள்.