ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எதற்கு?

வேலைக்குப் போய்க்கொண்டே அஞ்சல் வழியில் பட்டம் படித்தவர்களுக்குக் ‘காண்டாக்ட் கிளாஸ்’ நினைவிருக்கும். வார விடுமுறையில் ஏதாவது ஒரு கல்லூரியில் கூடுவார்கள். கையில் இருக்கும் அதே புத்தகத்தை ஆசிரியர் வாசித்து விளக்குவார். கடையை அடைத்துவிட்டு, பிள்ளையைப் பாட்டியிடம் விட்டுவிட்டு, இரண்டு பஸ் மாறி வந்தவருக்கு இது அநியாயம். விளக்கவுரையை இன்று இரவு பத்து மணிக்கு செல்போனில் கேட்கலாம். புரியாத இடத்தை மறுபடி ஓடவிடலாம். ஆளை நேரில் வரவழைத்தால், செல்போனால் தர முடியாததைத் தர வேண்டும்.

பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் 1971-இல் முதல் மாணவர்களைச் சேர்த்தபோதே எது வீட்டில், எது நேரில் என்று பிரித்துவைத்திருந்தது. முன்தகுதி எதுவும் கேட்கவில்லை. பாடங்கள் அச்சுப் புத்தகங்களாகத் தபாலில் வந்தன, பி.பி.சி. தொலைக்காட்சியிலும் வானொலியிலும் ஒளிபரப்பாயின, ஒலிபரப்பாயின. அறிவியல் மாணவர்களுக்குச் சிறு மைக்ராஸ்கோப் உட்பட சோதனைக் கருவிகளே பெட்டியில் வீடு தேடி வந்தன. நேரில் சந்திப்பது ஆய்வகத்துக்கும் விவாதத்துக்கும்: உள்ளூர் மையத்தில் டியூட்டரோடு, கோடையில் ஒரு வாரம் ஒரு பல்கலைக்கழக வளாகத்தில் தங்கி. வில்லி ரஸ்ஸல் 1980-இல் எழுதிய ‘எஜுகேட்டிங் ரீட்டா’ நாடகத்தின் நாயகி, சிகையலங்காரக் கடையில் வேலை பார்த்தபடி இந்தப் பல்கலைக்கழகத்தில் படிக்கும் பெண். நாடகம் முழுவதும் டியூட்டரின் அறைக்குள்ளேயே நடக்கிறது. தொலைநிலைக் கல்வியின் உயிர் எங்கே இருந்தது என்பதை நாடக ஆசிரியர் சரியாகவே பிடித்திருக்கிறார்.

நம் பக்கம் சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய டேட்டா சயின்ஸ் படிப்புக்கு வயது வரம்பு இல்லை. வகுப்பு இணையத்தில், தேர்வு மட்டும் மையத்தில் நேரடியாக. பட்டத்தின் மேல் நம்பிக்கை நிற்க அது தேவைதான். ஆனால் பதினைந்து வருடமாகப் புத்தகத்தைத் தொடாத ஒருவர் தேர்வுக்கு வெகு முன்பே தடுமாறுகிறார். ‘இதைக் கேட்டால் சிரிப்பார்களோ’ என்ற கூச்சமே பாதிப் பேரை வாயடைத்துவிடுகிறது. முகம் பார்த்துப் பேசினால்தான் அது விலகும்.

அதனால் முதல் சந்திப்பைப் பாடம் தொடங்கும் வாரத்திலேயே வைக்க வேண்டும், தேர்வுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமையில் அல்ல. கணக்குப்பதிவியல் வகுப்பென்றால், அவரவர் ஊர்க் கடை பில்களைக் கொண்டுவரச் சொல்லி அங்கேயே பேரேட்டில் ஏற்றிப் பார்க்கட்டும். மளிகைக்கடை வைத்திருப்பவருக்குக் கடன் பாக்கி பற்றி ஆசிரியரைவிட அதிகம் தெரியும். அவர் சொல்ல, மற்றவர்கள் கேட்கட்டும். ஆசிரியர் மேடையை விட்டு இறங்கி, தப்பாக எழுதியவர் பக்கத்தில் உட்கார்ந்து திருத்தட்டும். இப்படிப் பழகியவர்களின் வாட்ஸ்அப் குழுவில் ராத்திரி ஒரு சந்தேகம் விழுந்தால், காலைக்குள் பதில் வந்துவிடும்.