பச்சைமலைப் பாறைப் பல்லிக்கு வேறு ஊர் இல்லை

'பச்சைமலையில் எங்களுக்குப் பூர்வீக நிலம் இருக்கிறது. குடியிருப்பது ஸ்ரீரங்கத்தில். மரவள்ளிக்கு இடம் கூட்டலாம் என்று பாறையை உடைக்கப் போனால், பட்டப்பகலில் சின்னச் சின்னப் பல்லிகள் இடுக்குக்குள் ஓடுகின்றன. விஷப்பல்லியா?' என்று வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

விஷம் இல்லை. நம் நாட்டுப் பல்லி எதற்கும் விஷம் கிடையாது. பல்லி விழுந்த சோற்றைக் கொட்டச் சொல்வது, அதன் உடம்பில் ஒட்டியிருக்கும் கிருமிகளுக்காகத்தான்.

ஸ்ரீரங்கத்து வீட்டுச் சுவரில் இரவில் சத்தமிடுவதும் இதுவும் வேறு வேறு சாதி. வீட்டுப்பல்லியின் விரலில் ஒட்டும் பட்டைகள் உண்டு. கண்மணி கோடுபோல் சுருங்கும். பாறைப் பல்லிக்குக் கண்மணி வட்டம். பட்டை இல்லாத மெல்லிய விரல்களில் நகத்தால் பிடித்தே ஏறும். பகலில்தான் நடமாட்டம். 'நெமாஸ்பிஸ்' என்ற இனத்தைச் சேர்ந்தது. 2022-ல்தான் இதைத் தனி வகை என்று ஆய்வாளர்கள் விவரித்து, 'நெமாஸ்பிஸ் பச்சைமலையென்சிஸ்' என்று நம் மலையின் பெயரையே வைத்தார்கள். திருச்சிக்காரர்களுக்கு இது பெருமைதானே!

ஏற்காட்டு மலையில் ஒரு வகை, சங்ககிரியில் இன்னொரு வகை என்று 2019-லேயே பதிவாகியிருந்தது. பக்கத்துப் பக்கத்து மலைகளில் ஏன் இத்தனை வகை? நிழலும் ஈரப்பதமும் உள்ள பாறை இடுக்குதான் இவற்றுக்கு வீடு. நடுவில் இருக்கும் வெயில் காயும் சமவெளியை இத்தனூண்டு பிராணி தாண்டாது. ஒவ்வொரு மலையும் ஒரு தீவு மாதிரி ஆகி, பல லட்சம் ஆண்டுகளில் தனித்தனி வகையாகப் பிரிந்துவிட்டன. அந்தப் பாறை போனால், அடுத்த மலைக்குக் குடிபோக வழியில்லை.

பூச்சிகளைத் தின்னும் என்பது உண்மை. ஆனால் மரவள்ளியில் மாவுப்பூச்சியை இது ஒழித்துவிடும் என்று நம்பி மருந்தை நிறுத்த வேண்டாம். அவ்வளவு பெரிய வேலைக்காரன் இல்லை.

வாசகருக்கு நம் யோசனை: வெடி வைக்காதீர்கள். பெரும்பாறையை அப்படியே விட்டுச் சுற்றிலும் நடுங்கள். அதன் மேல் விழும் மழைநீரும் உங்கள் மண்ணுக்குத்தான் வரும். பொறுக்கும் கற்களை சிமென்ட் பூசாமல் அடுக்கி வரப்பு கட்டினால் மண் அரிப்பும் நிற்கும். சருகைப் பாறையோரம் கொளுத்தாமல் மூடாக்காகப் போடுங்கள். இடுக்கில் வெள்ளையாக, ஜோடியாக ஒட்டியிருக்கும் சிறு முட்டைகளைப் பார்த்தால் பெயர்க்காதீர்கள். பெயர்த்தால் ஓடு உடைந்துவிடும்.