ஆனையிறவு வீட்டுச் சுவரில் தாராசுரத்து யானை

இந்திய வீட்டுத்திட்டத்தில் 550,000 ரூபாய் கிடைத்து, மிச்சத்துக்குக் கடன்பட்டு, நகையையும் ஈடுவைத்து எழும்பிய வீடுகள் ஆனையிறவைச் சுற்றியுள்ள ஊர்களில் நிறைய. அவற்றின் முன் விறாந்தையில் என்ன தொங்குகிறது என்று பாருங்கள். நகைக்கடைக் கலண்டர், மணிக்கூடு, மாலை போட்ட படங்கள். வெறும் சுவரை நிரப்ப, பனிமலையும் நீர்வீழ்ச்சியும் அச்சடித்த ஒரு பிளாஸ்ரிக் படம். மாலை போட்ட படங்கள் இருக்கவேண்டிய இடத்தில்தான் இருக்கின்றன. அந்தப் பனிமலையைத்தான் கழற்றச் சொல்கிறேன். அந்த இடத்தில் சோழர்காலக் கற்சிற்பம் ஒன்றின் அச்சுப்படத்தை மாட்டலாம்.

எங்கள் பக்கத்தில் பழைய கற்சிற்பம் கண்ணில் படுவதே அருமை. குடாநாட்டில் கருங்கல் கிடையாது; சுண்ணாம்புக்கல்லும் முருகைக்கல்லும்தான். இருந்தவற்றையும் போர்த்துக்கேயர் விட்டுவைக்கவில்லை. திருக்கோணேச்சரத்தை இடித்த கல்லில் அவர்கள் கோட்டை கட்டினார்கள். இணைக்கயலும் தமிழ்க் கல்வெட்டும் இன்றும் அந்தப் பிரெட்றிக் கோட்டை வாசலில் நிற்கின்றன. சோழர் கற்றளி ஒன்றை உருக்குலையாமல் பார்க்க வேண்டுமானால் பொலன்னறுவைக்குப் போகவேண்டும். 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வானவன்மாதேவி ஈச்சரம் அங்கே அடிமுதல் முடிவரை கல்லாகவே நிற்கிறது.

கல்லைப் படமாக்கிக் கைக்கெட்டும் இடத்துக்குக் கொண்டுவரும் வேலையை முன்னரே செய்தவர் கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி. இந்தியச் சிற்பங்கள் நூறின் படங்களைத் தொகுத்து 1914இல் ‘விஸ்வகர்மா’ என்ற நூலாக வெளியிட்டார். பாங்கொக்கின் வாட் போ விகாரையில் இராமகாதையைச் சொல்லும் 152 சலவைக்கல் பலகைகள் உண்டு. காலத்தால் பிந்தியவைதான், ஆனால் அவற்றின்மேல் தாளை வைத்துத் தேய்த்து எடுத்த படங்கள் உலகெங்கும் வீட்டுச் சுவர்களுக்குப் போயின. அப்படித் தேய்த்தால் கல் தேயும். நீங்களும் கோயிலுக்குப் போய்த் தாளும் மையுமாக நிற்கவேண்டாம். கல்வெட்டு ஆய்வாளர் மைப்படி எடுப்பது அவர்களது தொழில். நமக்கு நல்ல புகைப்படம் போதும்.

எந்தச் சிற்பம்? ஆனையிறவுக்கு நான் தெரிவு செய்வது தமிழ்நாட்டின் தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் உள்ள ரிஷப குஞ்சரம். இரண்டாம் இராசராசன் காலம், 12ஆம் நூற்றாண்டு. காளைக்கும் யானைக்கும் ஒரே தலை. யானையின் உடலைக் கையால் மறைத்தால் காளை நிற்கும். காளையின் உடலை மறைத்தால் யானை நிற்கும். பிள்ளைகள் அந்தப் படத்தடியை விட்டு நகரமாட்டார்கள். கதவு நிலைக்கு மேலே நீளமாக ஓர் இடம் இருந்தால் யாளி வரிசையோ பூதகண வரிசையோ போடலாம். தாராசுரத்திலேயே நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக உண்டு. அவற்றை மட்டும் பெருப்பித்து அச்சிடுங்கள். அளவான படத்தில் ஆளையே அடையாளம் தெரியாது.

அடுத்தது வெளிச்சம். இதைப் பலர் கவனிப்பதில்லை. சிற்பத்தின் புடைப்பு தெரிவது நிழலால்தான். படத்தில் வெயில் இடப்பக்கத்திலிருந்து விழுந்திருந்தால், யன்னலும் இடப்பக்கம் இருக்கும் சுவரில் மாட்டுங்கள். மாறி மாட்டினால் கண் ஏமாந்துபோகும். புடைத்திருக்கும் யானை குழிந்து உள்ளே போனதுபோலத் தெரியும். உச்சிவெயிலிலோ பிளாஷ் அடித்தோ எடுத்த படம் என்றால் அச்சிடவே வேண்டாம். காலையிலோ பின்னேரத்திலோ சாய்ந்த வெயிலில் எடுத்ததாக இருக்கவேண்டும். நிறத்தைவிடக் கறுப்பு வெள்ளைதான் கல்லுக்குப் பொருத்தம். பளபளக்கும் தாளில் யன்னல்தான் தெரியும். மினுக்கமில்லாத தாளைக் கேட்டு வாங்குங்கள்.

ஆனையிறவுக்கென்றே ஒரு தொல்லை உண்டு: உப்புக் காற்று. சோளகம் தொடங்கினால் சாதாரண ஆணி கனகாலம் தாங்காது. துருவின் கறை சுவரில் கோடாக இறங்கும். பித்தளை அல்லது துருப்பிடியாத உருக்குக் கொளுக்கி போடுங்கள். மாரியில் சுவர் ஈரம் ஊறும். பிறேமின் பின் நான்கு மூலையிலும் சின்ன இறப்பர்த் துண்டு ஒட்டினால் சுவருக்கும் படத்துக்கும் இடையில் காற்று ஓடும். கறையான் ஏறினாலும் கண்ணில் படும்.

உடைந்த மூர்த்தியின் படத்தை வீட்டில் வைக்கலாமோ என்று பெரியவர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் இது கும்பிடும் மூர்த்தியல்ல, பார்க்கும் படம். சாமியறையில் வைக்கவேண்டாம், பூ வைக்கவும் வேண்டாம். அந்த மனச்சங்கடமும் வேண்டாம் என்றால் யானை, யாளி, கொடிக்கருக்கு என்று போங்கள்; அவற்றில் யாருக்கும் மறுப்பு இராது.

ஒரு வேண்டுகோள். படத்தின் கீழே கோயிலின் பெயரையும் ஊரையும் நூற்றாண்டையும் தமிழில் அச்சிடச் சொல்லுங்கள். பிறேம் கடையில் அதற்குப் பெரிதாகச் செலவாகாது. பிள்ளை ‘இது எங்கே இருக்கிறது’ என்று கேட்டால் நீங்கள் திணறவும் வேண்டியிராது.