வால்வு யந்திரமும் அதன் அபாயமும்

சி. வி. கிருஷ்ணசாமி செட்டியாரின் முயற்சியால் 1924-ம் வருஷம் சென்னையில் ரேடியோ அன்பர் சங்கமொன்று ஸ்தாபிதமாயிற்று. அது 40 வாட் யந்திரத்தால் ஒலிபரப்பத் தொடங்கிற்று. பணமுடையால் 1927-ல் சங்கம் ஓய்ந்தபின், யந்திரம் நகரசபையின் வசமாகி, 1930 முதல் மீண்டும் ஒலித்தது.

வால்வு என்பது காற்று நீக்கிய குழல். ஏரி மதகை அறிந்த கோவில்பதாகை வாசிகளுக்கு அதன் தொழில் எளிதில் விளங்கும். சூடேறிய இழையினின்று எழும் எலெக்ட்ரான்களைத் தகடு இழுக்கும். இடையேயுள்ள வலை, மதகுப் பலகை போல் அவ்வோட்டத்தைக் கூட்டும், குறைக்கும். வலையில் சேரும் சிறு அசைவு தகட்டில் பெரிதாகும்.

இதைப் பொழுதுபோக்காக அமைப்போர் ஒன்றை மறக்கலாகாது. பெரிய வால்வின் தகட்டிற்கு ஆயிரம் வோல்ட்டுக்கு மேலும் வேண்டியிருக்கும். ஸ்விட்சை நிறுத்திய பின்னும் கண்டென்ஸரில் மின்சாரம் தங்கி உயிரை மாய்க்கும். ஆகையால் அதை வடியச்செய்ய ரெஸிஸ்டர் இணைத்து, மீட்டரால் சோதித்த பின்னரே உள்ளே கைவைத்தல் வேண்டும். தனியே இருந்து இவ்வேலை செய்தலும் தகாது.